சைக்கிள் ஸ்டாண்டு: ஓர் அரசியலமைப்பு ஆய்வு

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டில் சைக்கிள் கிடையாது. மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. மூலையில் ஒரே ஒரு சைக்கிள் சாய்ந்திருக்கும். அது டோக்கன் கொடுப்பவருடையது. சுவரில் சுண்ணாம்பால் "சைடு லாக் போடாதீர்" என்று எழுதியிருக்கிறது. ஊரில் எவரும் அந்த இடத்துக்கு வேறு பெயர் சொல்லிக் கேட்டதில்லை. நகராட்சி மட்டும் தன் ஏட்டில் "இரு சக்கர வாகனக் காப்பகம்" என்று எழுதிக்கொள்கிறது. மக்கள் வாயில் ஒரு பெயரும் கோப்பில் ஒரு பெயருமாக ஒரு பொருள் வாழ்ந்தால் அங்கே ஆய்வுக்கு இடம் உண்டு என்பது இக்கட்டுரையாளனின் துணிபு.

முதலில் அதன் சட்டத் தகுதி. 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது பன்னிரண்டாம் அட்டவணை என்று ஒன்று சேர்ந்தது. நகராட்சிகள் பார்க்கத்தக்க 18 பணிகள் அதில் உள்ளன. 16ஆவது, பிறப்பு இறப்புப் பதிவு. 18ஆவது, ஆட்டுத்தொட்டியும் தோல் பதனிடும் இடங்களும். இரண்டுக்கும் நடுவே 17ஆவதாகத் தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் ஆகியவற்றோடு வண்டி நிறுத்துமிடமும் அமர்ந்திருக்கிறது. மனிதன் பிறந்ததையும் செத்ததையும் பதிந்து முடித்து, ஆட்டின் கழுத்தில் கத்தி வைப்பதற்கு முன், வண்டியை எங்கே விடுவது என்று அரசியலமைப்பு ஒரு கணம் நின்று யோசித்திருக்கிறது. இவ்வளவு பெரிய மரியாதை டோக்கன் கொடுப்பவருக்குத் தெரியாது. நான் சொன்னபோது, "வண்டியக் கொஞ்சம் உள்ள தள்ளி விடுங்க சார்" என்றார்.

ஆயினும் அந்தப் 18 பணிகளையும் மாநிலம் நகராட்சிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஒப்படைக்கலாம் என்கிறது. இந்த "லாம்" விகுதியைக் கையோடு வைத்திருங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

வரலாற்றுச் சான்று தேடுவோர் உத்திரமேரூருக்குப் போவது மரபு என்பதால் நானும் போனேன். பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எல்லாம் உண்டு; வண்டி வாரியம் இல்லை. கணக்குக் காட்டாதவரும், சிற்றன்னை பிள்ளைகள் வரை அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள் என்ற செய்தி மட்டும் கிடைத்தது. அதை இக்காலத்துக்குப் பொருத்திப் பார்க்கும் விபரீத ஆசை எனக்கில்லை. கூட்டம் நடக்கக் கோரம் வேண்டும்.

அண்மை வரலாறு இன்னும் பயன்படுகிறது. மாவட்ட நகராட்சிகள் சட்டம் 1920இல் வந்து நூறாண்டு ஓடியது. அதற்கு மாற்றாக எழுதிய நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் பிறந்த ஆண்டு 1998. விதிகளோடு முறையாகப் புழக்கத்துக்கு வந்தது 2023 ஏப்ரலில். ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஒரே இடத்தில் நின்ற வண்டி. டோக்கன் கணக்குப் பார்த்தால் ஊர் தாங்காது.

இனிக் கள ஆய்வு. நகர்மன்றக் கூட்டத்தில் பார்வையாளர் பெஞ்சில் அமர்ந்தேன். சுவர்க் கடிகாரம் என்றோ நின்றுவிட்டபடியால் நேரத்தை அளக்க இரண்டு அலகுகளை நானே ஏற்படுத்திக்கொண்டேன். உறுப்பினர் முன்னால் வைத்த மிக்சர் தீரும் நேரம் ஒரு "தட்டு". டீ வந்து ஆறி மேலே ஏடு படியும் நேரம் ஓர் "ஏடு". பகோடா வைக்கும் நாட்களில் முதல் அலகு குலைந்துபோகும். அன்று நல்ல வேளையாக மிக்சர்தான்.

கூட்டப் பொருள்களை எழுத்தர் வாசித்தார். கூட்டுக் குடிநீர்த் திட்டம், பல கோடி: கால் தட்டு. பாதாளச் சாக்கடையின் அடுத்த கட்டம்: ஒருவர் நிலக்கடலையைத் தேடி எடுக்கும் நேரம். பேவர் பிளாக் சாலைகள், எல்இடி விளக்கு மாற்றம், குப்பைக் கிடங்கு எல்லாம் சேர்ந்து ஒரே குரல்: "ஆல் பாஸ்!" மேசைகள் தட்டப்பட்டன. அப்போது பின் வரிசையில் ஓர் உறுப்பினர் எழுந்தார். "ஆல் பாஸ்தான் சேர்மன் அம்மா. ஆனா ஸ்டாண்டுப் பொருள் மட்டும் தனியா பேசணும்."

நான்கு ஏடு போயிற்று.

கூரைக்குத் தகரமா சிமெண்டு ஷீட்டா என்பதில் ஓர் ஏடு. ஹெல்மெட்டுக்குத் தனிக் காசு வாங்கலாமா என்பதில் அரை ஏடு. ஏலத்தில் சிண்டிகேட் போட்டுவிட்டார்கள் என்று ஒருவர் சொல்ல, யார் என்று மற்றவர் கேட்க, இருவருமே அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார்கள். மிச்ச நேரம் முழுவதும், எந்தத் தத்துவ மடத்திலும் நான் கேட்டிராத ஒரு வினாவில் கழிந்தது: நாள் என்பது எது?

ஸ்டாண்டில் கட்டணம் நாளுக்கு இவ்வளவு என்பது ஒப்பந்தம். குத்தகைக்காரர் கணக்கில் நடு இரவு 12 மணிக்கு நாள் மாறுகிறது. சென்னை பஸ்ஸைப் பிடிக்க ராத்திரி 11 மணிக்கு வண்டியை விட்டு, மறுநாள் ராத்திரி ஒரு மணிக்கு வந்து எடுப்பவர் மூன்று நாள் காசு தருகிறார். "அவரு போயிட்டு வந்ததே இருபத்தாறு மணி நேரம்தாங்க. அதுல மூணு நாள் எங்கேருந்து வந்துச்சு?" என்று உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. சூரிய உதயத்துக்குத்தான் நாள் மாறும், பஞ்சாங்கத்தைப் பாருங்கள் என்று ஒரு தரப்பு. ரயில்வேக்கு 12 மணிதான் என்று மறு தரப்பு. விட்ட நேரத்திலிருந்து 24 மணி என்று மூன்றாம் தரப்பு. அப்படியானால் டோக்கனில் நேரம் எழுத வேண்டும், எழுத ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் யார் தருவது என்று நான்காவது. பொறியாளர் எழுந்து, ஒப்பந்த விதிகளில் நாள் என்றால் நாள் என்றுதான் இருக்கிறது என்று தெளிவுபடுத்திவிட்டு அமர்ந்தார்.

இடையில் கார்களுக்கும் இடம் வேண்டுமென்று ஒருவர் கேட்டதால் ஒரு சிறு கிளை ஆய்வு செய்ய நேர்ந்தது. ஒரு கார் நிற்க 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம் என்பது வழக்கமான கணக்கு. சதுர அடியில் அது ஏறக்குறைய 135. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்குத் தர வேண்டிய குடிநீரின் அளவும் 135 லிட்டர். இந்த ஒற்றுமையின் மறைபொருளை எண்ணியல் அறிஞர்கள் ஆராயட்டும். அதே 135 சதுர அடியில் நீங்கள் ஒரு பெட்டிக்கடை வைத்தால் ஆக்கிரமிப்பு. காரை வைத்தால் பார்க்கிங். குறளின் 133 அதிகாரங்களில் தண்ணீருக்கு வான்சிறப்பு உண்டு, வண்டிக்கு ஒன்றுமில்லை.

சில்லறைக்கு நான்கு ஏடு, கோடிகளுக்குக் கால் தட்டு என்பதைக் கண்டு சிரிப்பவர்கள் பார்க்கின்சனைத் துணைக்கு அழைப்பார்கள். சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த அந்த ஆங்கிலேயர் 1957இல் வெளியிட்ட நூலில் ஒரு கற்பனைக் குழுவைக் கூட்டினார். அணு உலைக்கு இரண்டரை நிமிடம்; குமாஸ்தாக்களின் சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி; காபிச் செலவுக்கு ஒன்றேகால் மணி. அவரும் சைக்கிள் கொட்டகையைத்தான் எடுத்திருக்கிறார் என்பது என் ஆய்வுப் பொருளின் உலகப் பொதுமைக்குச் சான்று. அவர் சொல்லும் காரணம், அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் புரியும் என்பது.

எங்கள் ஊருக்கு இது பொருந்தவில்லை. எந்த கேட் வால்வை எத்தனை சுற்றுத் திறந்தால் எந்தத் தெருவின் கடைசி வீட்டுக்கு எத்தனை குடம் ஏறும் என்பது எங்கள் கவுன்சிலர்களுக்கு மனப்பாடம். குழாய் உடைந்தால் இரவு இரண்டு மணிக்கும் அவர்கள் வீட்டுக் கதவுதான் தட்டப்படுகிறது. குடிநீர்த் திட்டம் புரியாமல் அவர்கள் மிக்சரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. திட்டத்தை வரைந்தது குடிநீர் வடிகால் வாரியம். பணமும் அரசாணையும் மேலிருந்து வந்தவை. மன்றத்தில் தொண்டை வறளப் பேசினாலும் ஓர் அங்குலக் குழாய் நகராது.

நம்பாதவர்கள் கூட்டப் பொருளின் இலக்கணத்தைப் பார்க்கவும். பெரும் பணிகள் எல்லாவற்றிலும் "அவசரம் அவசியம் கருதி முன் அனுமதி வழங்கப்பட்டதை மன்றம் அங்கீகரிக்க" என்றொரு தொடர் வரும். பழைய உரையாசிரியர் கையில் கிடைத்திருந்தால் இப்படி எழுதியிருப்பார்: அவசரம் என்றது காலம் நோக்கி, அவசியம் என்றது பயன் நோக்கி, கருதி என்னும் எச்சத்துக்கு எழுவாய் மறைந்து நின்றது, மறைந்தார் யாவரெனின், கூறாமையே ஈண்டு மரபென்க. குழியை வெட்டி, குழாயைப் பதித்து, மண்ணை மூடியான பிறகு, வெட்டலாமா என்று மன்றத்தைக் கேட்கிறார்கள். "லாம்" இங்கே வந்து சேர்கிறது. மேலே ஒப்படைக்கலாம் என்று தொடங்கியது கீழே மேசையைத் தட்டலாம் என்று முடிகிறது.

ஸ்டாண்டு அப்படியல்ல. நாள் எப்போது மாறும் என்று மன்றம் சொன்னால் அன்று இரவே ஒருவர் பையில் பத்து ரூபாய் மிஞ்சும். நாற்பது பொருள்களில் தங்கள் சொல்லுக்கு எடை இருப்பது ஒன்றில்தான் என்று தெரிந்தவர்கள் அதில் நான்கு ஏடு பேசுகிறார்கள். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. எதிர்ச் சான்றும் உண்டு. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தமிழ்நாட்டு நகராட்சிகளில் மன்றமே இல்லை. தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். விவாதமில்லை, வெளிநடப்பில்லை, மிக்சர்ச் செலவும் இல்லை. கேட்க ஆளில்லாததால் ஸ்டாண்டில் நாள் நடு இரவில் மாறியது.

கூட்டம் முடிந்தது. நாளின் வரையறை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

நகராட்சி வளாகத்தில் வண்டி விட இடமில்லாததால் காலையில் ஸ்டாண்டில்தான் விட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் என் ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள், சைடு லாக்கோடு. மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் வட்டமடித்ததே தவிர வழி விடவில்லை.

"சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது சார்" என்றார் டோக்கன்காரர். "கவுன்சிலர் வண்டி. பைபாஸ் விஷயமா மனு கொடுக்க மெட்ராஸ் பஸ் ஏறிட்டார். காலையில வந்துடுவார்."

"அப்ப எனக்கு ரெண்டு நாள் காசா?"

"அது இன்னும் முடிவாகலியே சார். ஒத்திவச்சுட்டாங்களாமே?"