அம்பரப்பர் மலைக்கு பிளான் அப்ரூவல்

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் கூடுதலாக ஒரு அறை கட்ட வேண்டுமானால் பட்டா நகல், வீட்டு வரி ரசீது, வரைபடம் என்று ஒரு கட்டுக் காகிதத்தோடு நடையாக நடக்க வேண்டும். அதே ஊரில் மலையைக் குடைவது அதைவிடச் சுலபம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பட்டியலில் 8(ஏ) என்று ஓர் இனம் இருக்கிறது: கட்டடம் மற்றும் கட்டுமானம். அடுக்குமாடிக் குடியிருப்பு, வணிக வளாகம் எல்லாம் வருகிற அந்த வரிசையில்தான் நியூட்ரினோ ஆய்வகத்துக்காகப் போடி மேற்கு மலையில் உள்ள அம்பரப்பர் மலையையும் உட்கார வைத்தார்கள்.

சரி, கட்டடம் என்றே வைத்துக்கொள்வோம். வாசல் நடை இரண்டு கிலோமீட்டர் சுரங்கம். கூரை ஆயிரம் மீட்டருக்கு மேல் பாறை. வீட்டுச் சாமான் 50,000 டன் இரும்பு. கொத்தனார் வேலை முழுக்க வெடி. மதிப்பு சுமார் 1,500 கோடி. கிரகப்பிரவேசத்துக்குப் பால் காய்ச்ச அணுசக்தித் துறை வரும்.

ஏன் கட்டடம்? டெல்லிக்காரர்களுக்கு மலைக்கும் மாடிவீட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா? நன்றாகத் தெரியும். சட்டப்படி அந்த இனத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை, அவ்வளவுதான் விஷயம். சுரங்கம் என்று ஒப்புக்கொண்டால் ஊர் நடுவில் பந்தல் போட்டு, மைக் வைத்து, ஆடு மேய்க்கிறவர் கேட்கிற கேள்விக்கு விஞ்ஞானி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். கௌரவம் என்னாவது?

இந்த மலை முதல் தேர்வும் அல்ல. முதலில் பார்த்தது நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகளையும் யானைகளையும் சொல்லி 2009இல் அன்றைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மறுத்தார். சுருளிப் பக்கம் போய்ப் பாருங்கள் என்று வழியும் காட்டினார். கம்பம் பள்ளத்தாக்கு அப்படித்தான் வரைபடத்தில் ஏறியது. கடைசியில் பொட்டிப்புரம்.

2011இல் அனுமதி கிடைத்தது. அதற்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை எழுதியது கோவை சலீம் அலி பறவையியல் மையம். பறவைகளைப் பற்றி அவர்களிடம் யாரும் குறை காண முடியாது. இத்தகைய அறிக்கை தயாரிக்கும் அங்கீகாரம்தான் அவர்களிடம் இல்லை. இதையும், கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 4.9 கிலோமீட்டரில் இருப்பதையும் 2017 மார்ச்சில் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் எடுத்துச் சொல்லி அனுமதியை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. வழக்குப் போட்டது பூவுலகின் நண்பர்கள் அமைப்பு. விடியற்காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற பெண்கள், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவராக நெருக்கி உட்கார்ந்து தினமும் அந்தப் பக்கம்தான் போகிறார்கள். கேரளத்துக் காடு எங்கே தொடங்குகிறது என்று அவர்களைக் கேட்டிருந்தால் இறங்காமலே கை நீட்டிக் காட்டியிருப்பார்கள். கேட்கவில்லை. இந்தக் கோளாறுக்காக எந்த அதிகாரியின் சம்பளத்திலாவது ஒரு ரூபாய் பிடித்ததாகச் செய்தி உண்டா? 2018 மார்ச்சில் அதே கட்டடத்துக்கு, 'சிறப்பு நேர்வு' என்று முத்திரை குத்தி மறுபடியும் அனுமதி கொடுத்தார்கள். அதே மாதம், அதே போடி மலையில், குரங்கணிக் காட்டுத் தீயில், மலையேறப் போன 23 பேர் செத்தார்கள். மலைக்குள் நடக்கப் போனவர்கள் யார், யார் விட்டது என்று அப்போது ஆளுக்கு ஆள் கேட்டார்கள். மலைக்கே வெடி வைக்க விட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை.

நியூட்ரினோ மேல் எனக்குப் பகை கிடையாது. அந்த நுண்துகள் அது பாட்டுக்கு என்னையும் உங்களையும் துளைத்துக்கொண்டு போகிறது, ஒரு தொந்தரவும் இல்லை. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் காற்றுமண்டல நியூட்ரினோவைக் கண்டவர்களில் நம் ஆட்களும் உண்டு, பெருமைதான். 'அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்கள்' என்று ஊருக்குள் கிளம்பிய பேச்சு ஆதாரமில்லாதது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பணம் போடுவது அணுசக்தித் துறை, விவரம் இருப்பது ஆங்கிலத்தில், கேள்வி கேட்டால் 'உங்களுக்குப் புரியாது'. வதந்தி விளைய வேறென்ன உரம் வேண்டும்? விதைத்ததும் அவர்கள், விளைந்ததைக் காட்டி 'பாமரர்கள், அறிவியல் விரோதிகள்' என்று ஏசியதும் அவர்கள்.

சென்னையும் சளைத்ததல்ல. திட்டத்துக்கு 26.8 ஹெக்டேர் அளந்து கொடுத்தது தமிழ்நாடு அரசு. 2022 பிப்ரவரியில், மதிகெட்டான் – பெரியாறு புலி வழித்தடம் கெட்டுவிடும், அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் போட்டதும் தமிழ்நாடு அரசு. நல்ல காரியம், கைதட்டுகிறேன். நிலத்தை அளந்த அன்றைக்குப் புலி என்ன, லீவில் போயிருந்ததா?

மக்களிடம் பேச டெல்லிக்கு இருக்கும் கூச்சத்துக்கு இன்னொரு சாட்சி வேண்டுமா? 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளையே மாற்ற ஒரு வரைவு வந்தது, இந்தியிலும் ஆங்கிலத்திலும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30இல் உத்தரவிட்டது. மத்திய அரசு என்ன செய்தது? மொழிபெயர்ப்பாளரைத் தேடவில்லை, வக்கீலைத் தேடியது. உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. மலையைக் குடையத் தெரிந்த அரசுக்குத் தமிழில் நாலு பக்கம் அச்சடிக்கத் தெரியவில்லை.

அதனால் தேனி மாவட்டத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி ஏற்றுங்கள்: நம் மலை மேல் கை வைக்க எந்த அறிக்கை வந்தாலும் தமிழில் வர வேண்டும், அதை எழுதியவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் பெயர்கள் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் நகல் வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.