டோக்கன் அண்ணன்

நாமக்கல் பரமத்தி ரோட்டில் ஆடிட்டர் ஆபீஸ் இல்லாத மாடிப்படியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எந்தப் படியில் ஏறினாலும் காட்சி ஒன்றுதான். வாசலில் செருப்புக் குவியல், சுவரில் ஏதோ டயர் கடைக் காலண்டர், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆடிட்டர். ஆனால் மூச்சு வாங்க மேலே வருகிற முக்கால்வாசிப் பேர் தடுப்புக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் டோக்கன் அண்ணன்தான் அவர்களுக்கு வேண்டும்.

அண்ணனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பி.காம். முடித்தவர். சி.ஏ. இன்டரில் ஒரு குரூப் பாஸ். இன்னொரு குரூப்பை அடுத்த மே மாதம் எழுதுவார் என்று ஆபீஸில் இருபது வருஷமாகப் பேச்சு. வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, நெற்றியில் ஆஞ்சநேயர் கோயில் செந்தூரம். வலது முழங்காலை ஒட்டி ஓர் இரும்பு டிராயர். அதன் சாவி அவர் அரைஞாண் கயிற்றில். நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் வட்டாரத்தில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று போர்டு மாட்டிய முதலாளிகளில் பாதிப் பேருடைய கையெழுத்து அந்த டிராயரில்தான் கிடக்கிறது.

கையெழுத்து என்றால் மை போட்ட கையெழுத்து இல்லை. டிஜிட்டல் கையெழுத்து. பார்க்க பென்டிரைவ் மாதிரி இருக்கும். ஊரில் அதற்கு டோக்கன் என்று பெயர். உள்ளே ஒரு சில்லு, சில்லுக்குள் ஒரு ரகசியச் சாவி. 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்குப் பேனாக் கையெழுத்துக்குச் சமமான மரியாதையைக் கொடுத்துவிட்டது. கம்பெனியின் வருமான வரி ரிட்டர்ன், கம்பெனிப் பதிவாளருக்குப் போகும் படிவங்கள், டெண்டர் தளத்தில் உள்ளே நுழைவது என்று எல்லாவற்றுக்கும் இதைச் சொருகினால்தான் கதவு திறக்கும். 2006-ல் கம்பெனிப் படிவங்கள் ஆன்லைனுக்குப் போவதற்கு முன்னால் அண்ணன் ஃபைல் கட்டோடு பஸ் ஏறிக் கோயம்புத்தூர் பதிவாளர் ஆபீஸுக்குப் போவார். இப்போது உட்கார்ந்த இடம்தான். வயிறு அதற்குச் சாட்சி.

டோக்கன் பிறக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். விண்ணப்பம் போடுகிறவர் இன்னார்தான் என்று காட்ட வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் முதலாளி, போர்வெல் லாரி கம்ப்ரஸருக்குக் கீழே இரவெல்லாம் நின்று இரைச்சலுக்கு மேல் கத்தியே பழகிய மனிதர், செல்போன் கேமரா முன்னால் வந்ததும் கல்யாண மாப்பிள்ளை போல விறைத்துவிடுவார். அண்ணன் பின்னாலிருந்து டைரக்ட் செய்வார்: “அண்ணா, பான் கார்டைக் கொஞ்சம் கீழ இறக்குங்க, மூஞ்சி தெரியோணும். மீசையை அப்பறமா முறுக்கிக்கலாமுங்க.” மூன்றாவது டேக்கில் ஓகே ஆகும். அடுத்து போனுக்கு ஓடிபி வரும். “நம்பர் யாருக்கும் சொல்லாதீங்க” என்று குறுஞ்செய்தியிலேயே எழுதியிருக்கும். முதலாளி அதை வாசல் வரை கேட்கிற குரலில் படித்துச் சொல்வார்.

கடைசியில் டோக்கனுக்கு ஒரு பின் நம்பர். உரிமையாளரே தேர்ந்தெடுத்து, அவர் மனசுக்குள் மட்டும் வைத்திருக்க வேண்டியது அது.

“என்ன நம்பர் போடலாமுங்க?”

“எனக்கென்னுங் தெரியும்? நீங்களே ஒண்ணு போட்டு வெச்சுக்குங்.”

போட்டு வைத்துக்கொள்வார். முதலாளியும் டீ குடித்துவிட்டு டோக்கனை மேஜையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். மூன்று வருஷம் கழித்துச் சான்றிதழ் காலாவதியாகும்போதுதான் அது மறுபடி அவர் கண்ணில் படும், அதுவும் புதுசுக்குப் பணம் கட்ட வேண்டியிருப்பதால்.

டிராயருக்குள் தீபாவளி ஸ்வீட் டப்பாக்கள். லாரி ஒரு டப்பா, ரிக் ஒரு டப்பா, கோழிப்பண்ணை ஒன்று, சேகோ ஆலை ஒன்று, காண்ட்ராக்டர்கள் ஒன்று. ஒவ்வொரு டோக்கனின் வயிற்றிலும் ஆஸ்பத்திரி பிளாஸ்டர் சுற்றி, பால்பாயின்ட் பேனாவில் கம்பெனி பெயரும் பின் நம்பரும். டி.என். 28, டி.என். 34 என்று தொடங்கினால் அது முதலாளி வாங்கிய முதல் வண்டியின் நம்பர். அந்த வண்டி எப்போதோ உடைப்புக்குப் போயிருக்கும். நம்பர் மட்டும் இன்னும் கம்பெனி நடத்துகிறது.

பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது இரண்டு டைரக்டர் வேண்டும் என்கிறது சட்டம். இந்தப் பக்கம் இரண்டாவது டைரக்டர் பெரும்பாலும் வீட்டுக்கார அம்மாதான். அவருக்கும் தனி டோக்கன் உண்டு. அதுவும் அதே டப்பாவில், கணவருடையதோடு ரப்பர் பேண்ட் போட்டு. அம்மா கோழிப்பண்ணையில் தீவன மூட்டை எண்ணிக்கொண்டிருப்பார். அதே நேரத்தில் பரமத்தி ரோட்டில் அவர் ஆண்டுக் கணக்கைப் படித்துப் பார்த்து, திருப்தியடைந்து, கையொப்பமிட்டிருப்பார். பண்ணையின் உண்மையான கணக்கு அந்த அம்மா தலைக்குள் இருப்பதும், தாளில் இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாததும் வேறு விஷயம்.

இந்தச் சாவிக்குப் பின்னால் எவ்வளவு மூளை செலவாகியிருக்கிறது தெரியுமா? ரகசியத்தை முன்கூட்டிப் பரிமாறிக்கொள்ளாமலே இரண்டு பேர் ரகசியம் பேச வழி இருக்கிறது என்று அமெரிக்காவில் டிஃபியும் ஹெல்மனும் 1976-ல் எழுதினார்கள். அடுத்த வருஷமே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் பகா எண்களை வைத்து அதை நடத்திக் காட்டினார்கள். முந்நூற்றுச் சொச்சம் இலக்கமுள்ள இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் 617 இலக்கத்தில் ஓர் எண் வரும். பெருக்குவது கண் சிமிட்டும் நேரம். விடையை மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் கண்டுபிடி என்றால் இன்றைய கம்ப்யூட்டர்களால் ஆகாது. டிராயரில் கிடக்கும் டோக்கனுக்குள் இருப்பது அந்த அளவுச் சாவிதான். அது டோக்கனுக்குள்ளேயே பிறக்கிறது. வெளியே நகலெடுக்க முடியாது. தப்பான பின்னைத் திரும்பத் திரும்பப் போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். உடைக்க உலகத்தில் ஆள் இல்லை. உடைப்பானேன்? ஸ்வீட் டப்பாவைத் திறந்தால் போதும்.

சட்டத்துக்கும் இது தெரியாமல் இல்லை. அதே சட்டத்தின் 42-ம் பிரிவு, ரகசியச் சாவி தன் கட்டுப்பாட்டிலேயே இருக்கும்படி உரியவர் தக்க கவனம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. டைரக்டருக்கே தெரியாமல் அவர் ராஜினாமா பதிவாகி, விவகாரம் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் வரை போனதெல்லாம் இந்த நாட்டில் நடந்திருக்கிறது. ஒரு முதலாளியிடம் இதை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். “நம்ம ஊட்ல வெச்சா தொலைஞ்சு போயிருமுங்க. பேரன் டீவில சொருகி வெச்சிருவான். அண்ணங்கிட்டன்னா பத்திரமுங்க” என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது?

பத்திரம் என்றால் என்னவென்று டெண்டர் நாளில் தெரியும். ஒரே ரோடு வேலை, இரண்டு காண்ட்ராக்டர்கள். கிணற்றுத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள். மதியம் மூன்று மணிக்குத் தளம் மூடும். ஒன்றரை மணிக்குப் பெரியவர் வந்து அண்ணன் காதோரம் ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் போவார். அவர் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டபிறகு எதிர் டீக்கடையிலிருந்து சின்னவர் மேலே வருவார். இரண்டு டோக்கனும் ஒரே டப்பா, ஒரே கம்ப்யூட்டர், ஒரே விரல். விலைப்பட்டியல் மேலே ஏறும்போதே டெண்டர் திறக்கும் அதிகாரிகளின் சாவிக்கு மட்டும் திறக்கும்படி பூட்டப்பட்டுவிடும். நடுவில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அண்ணனைத் தவிர. அவர் இரண்டு தொகையும் தெரிந்தும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருப்பார். சின்னவர் பொறுக்க முடியாமல், “பெரியப்பாவும் போட்டிருக்காருங்களா?” என்பார். “எனக்கென்னுங் தெரியும், நான் ரிட்டர்ன் பாக்கறவன்” என்பார் அண்ணன். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தொகைகூட அந்த மேஜையைத் தாண்டியதாகப் புகார் இல்லை. அவருக்கு என்ன சம்பளம் என்றே வீட்டில் மனைவிக்குத் தெரியாது என்பார்கள். நான் நம்புகிறேன்.

தூரத்து வேலைக்கும் அவர்தான். ராய்ப்பூர்ப் பக்கம் எங்கோ வண்டியை நிறுத்திக்கொண்டு ரிக்காரர் கூப்பிடுவார்: “ஏனுங்ணா, நம்ம டோக்கன் அங்கதானுங்களே இருக்குது?” “இருக்குதுங்.” “அப்ப அந்த பேங்க் ஃபாரத்துல ஒண்ணு போட்டு உட்ருங்.” எத்தனை கோடிக் கடன் என்று இரண்டு பேருமே பேசிக்கொள்ள மாட்டார்கள்.

அண்ணனுக்கு அக்கா மகன் ஒருவன். பெங்களூர்க் கம்பெனி வேலை. கொரோனாவில் ராசிபுரம் வந்தவன் திரும்பிப் போகவில்லை. மாடி அறையில் டவுசரோடு உட்கார்ந்து எங்கேயோ இருக்கும் சர்வர்களை ஆட்டி வைக்கிறான். ஒருநாள் மாமா பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதுச் சாவி ஒன்றைத் தயாரித்தான். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினான். நட்சத்திரமும் புள்ளியும் கூட்டல் குறியுமாக ஒரு சின்னப் பெட்டி வந்தது.

“இதென்னடா, மார்கழிக் கோலமாட்டம்?”

“சாவியோட அடையாளம் மாமா. சாவி மாறுனா கோலமும் மாறும்.”

மருமகன் சும்மா இருக்க மாட்டான். தூரத்துச் சர்வருக்குள் இந்தச் சாவியைப் போட்டு நுழைகிற எஸ்.எஸ்.ஹெச். கதையைச் சொன்னான். 1995-ல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடியதும், டாட்டு யிலோனென் என்கிறவர் அதற்கு மாற்றாக இதை எழுதியது. சாவி இரட்டையாகப் பிறக்கும், ஒன்றைச் சர்வரில் வைத்துவிட்டு இன்னொன்றை நம் கம்ப்யூட்டரைவிட்டு நகர்த்தவே கூடாது என்பது. அந்தச் சாவிக் கோப்பை மற்றவர்கள் படிக்கும்படி விட்டால், பாதுகாப்பு இல்லை என்று கொட்டை எழுத்தில் எச்சரித்து, அந்தச் சாவியை வாங்கவே மறுத்துவிடும் என்பது.

“என் டிராயர் அப்பிடிக் கத்துனா ஆபீஸ் நடத்த முடியாது” என்றார் அண்ணன். பிறகு தொழில் முறையில் ஒரு சந்தேகம் கேட்டார்: “நீ பழனிக்கு நடந்து போற. அந்நேரம் சர்வர்ல அவசர வேலை. உன் சாவியை யாரு போடுவா?”

“யாரும் போட முடியாது மாமா. அவங்கவங்க சாவி அவங்கவங்களுக்கு.”

“அப்ப ஆள் மேல நம்பிக்கையே இல்லாம ஒரு கம்பெனி நடக்குதா?”

பையன் மழுப்பினான். மழுப்பக் காரணம் இருந்தது. சாவி தயாரிக்கும்போது அதற்கு ஒரு கடவுச்சொல் கேட்டது. அவன் இரண்டு தடவை என்டர் தட்டிவிட்டான், அதாவது வெறும் சாவி. சர்வரில் அனுமதி பெற்ற சாவிப் பட்டியலைத் திறந்தான். வேலையை விட்டுப் போய்க் கனடாவில் குடியேறியவன், சண்டை போட்டுக்கொண்டு போனவன், யாரென்றே தெரியாத ஒருவனின் ‘பழைய லேப்டாப்’ என்று எல்லார் சாவியும் அதில் இன்னும் உயிரோடு இருந்தது. அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். “கணக்கை வேற ஆடிட்டர்கிட்ட மாத்துனா அன்னிக்கே டோக்கனைக் கையில குடுத்து, நோட்டுல கையெழுத்து வாங்கிக்குவேன் தம்பி” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் பெரிய கூத்தெல்லாம் நடந்திருக்கிறது என்று பையன் சமாளித்தான்: டெபியன் லினக்ஸில் யாரோ இரண்டு வரியை வேண்டாதது என்று எடுத்துவிட, 2006-லிருந்து 2008 மே வரை அதில் பிறந்த சாவிகள் ஒவ்வொரு வகையிலும் 32,767-க்குள் அடங்கிவிட்டன, உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். “அதுக்கு நம்ம வண்டி நம்பரே தேவலையாட்டம்” என்றார் மாமா.

அண்ணனுக்கு லீவு என்பது கிடையாது. அக்டோபர் கடைசி என்றால் கேட்கவே வேண்டாம். செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம், அதிலிருந்து முப்பது நாளில் கணக்குப் படிவம், தவறினால் ஒரு படிவத்துக்கு நாளுக்கு நூறு ரூபாய். பித்தப்பைக் கல் இதையெல்லாம் பார்ப்பதில்லை. ஒரு அக்டோபர் 27-ம் தேதி ராத்திரி அண்ணனைச் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷனுக்கு உடை மாற்றும்போது அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்க்கச் சொன்ன நர்சிடம் அரை மணி நேரம் வாதாடி, கடைசியில் மனைவி கையில் கொடுத்து, ஆபீஸில் சி.ஏ. பயிற்சியில் இருக்கும் ஆர்ட்டிகிள் பையனிடம் சேர்த்தார்.

மறுநாள் சாயந்திரம் அந்தப் பையன் வார்டு வாசலில் நின்றான். ஒரு கையில் ஆப்பிள் பை, இன்னொரு கையில் லேப்டாப், முகத்தில் ரத்தமே இல்லை. அவனுக்குப் பின்னால் இரண்டு முதலாளிகள், நலம் விசாரிக்கிற பாவனையில்.

“அண்ணா, பிளாஸ்டர்ல எழுதியிருக்கற பின்னைத்தான் போட்டேன். தப்புன்னு வருது. இன்னும் ரெண்டு தடவை போட்டா பூட்டிக்கும்போல இருக்குது.”

அண்ணன் டிரிப்ஸ் ஏறுகிற கையை அசைத்து முதலாளிகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். பையன் குனிந்தான்.

“ரிக் டப்பாவுல கடைசி ரெண்டு நம்பரைத் திருப்பிப் போடு. லாரி டப்பாவுல கடைசி நம்பரோட ஒண்ணு கூட்டிக்க. கோழிப்பண்ணைக்கு எழுதுனபடியே. காண்ட்ராக்டர் டப்பாவைத் தொடாத, நான் வந்து பாத்துக்கறேன்.”

பையன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

“எழுதாத” என்றார் அண்ணன்.