பன்றித் தலைக்குப் போன ஆறு

இடைக்கால லண்டனில் உத்தரவுக்குப் பஞ்சமே இல்லை. நல்ல தண்ணீருக்குத்தான் பஞ்சம்.

ஃப்ளீட் என்றொரு சிற்றாறு. தேம்சில் போய்ச் சேரும். அதன் பக்கத்தில் மடம் வைத்திருந்த கார்மெலைட் துறவிகள் 1290-இல் பார்லிமெண்டுக்கே மனுப் போட்டார்கள். பூசையில் எவ்வளவு சாம்பிராணி போட்டாலும் ஆற்று நாற்றம் அடங்கவில்லை. அந்த வாடையிலேயே எங்களில் சிலர் செத்துப்போனார்கள் என்று. மனு போனது. நாற்றம் போகவில்லை.

1343-இல் ஒருவழியாக நகர நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது. கசாப்புக்காரர்கள் குடல் அலச அதே ஆற்றங்கரையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தது! வாடகை, வருடத்துக்கு ஒரு காட்டுப்பன்றித் தலை. கிறிஸ்துமஸ் சமயத்தில் மேயரிடம் சேர்த்துவிட வேண்டும். குடல் ஊருக்கு, தலை மேயருக்கு. பங்கு பிரித்ததில் குறை சொல்ல முடியுமா?

1355-இல் ஃப்ளீட் சிறையின் அகழியைப் பார்வையிடப் போனார்கள். பீப்பாய் ஒயின் ஏற்றிய படகு மிதக்க வேண்டிய அகழி. அதன்மேல் 11 கக்கூஸ் கட்டியிருந்தார்கள். படகை விடுங்கள், தண்ணீரே நகரவில்லை. கட்டும்போது ஒருவர் கண்ணிலும் படாத கக்கூஸ்கள், விசாரணை வந்ததும் துல்லியமாக எண்ணிக்கைக்கு வந்துவிட்டன.

பிறகு ராஜா வந்தார். 1357-இல் தேம்சில் போன மூன்றாம் எட்வர்டுக்குக் கரையோரச் சாணமும் குப்பையும் மூக்கில் ஏறின. உடனே மேயருக்குக் கடிதம். அதுவரை ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது கணக்கில் வராது. மாட்டை ஊருக்கு வெளியே ஸ்ட்ராட்ஃபோர்டிலோ நைட்ஸ்பிரிட்ஜிலோ கொண்டுபோய் வெட்டுங்கள் என்று 1361-இல் உத்தரவு. 1369-இல் மறுபடியும் உத்தரவு. ஒரே உத்தரவு இரண்டு தடவை வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தண்டனையே இல்லையா? உண்டு. வில்லியம் கேம்பியன் என்பவர் பொதுக் குழாயில் திருட்டு இணைப்புப் போட்டு வீட்டுக்குத் தண்ணீர் இழுத்தார். 1478-இல் பிடித்தார்கள். குதிரையில் ஏற்றி, தலையில் ஒரு நீர்த்தொட்டியை வைத்து, தண்ணீர் மேலெல்லாம் ஒழுக ஒழுக ஊர்வலம் விட்டார்கள். தண்ணீரைத் திருடியவன் தலையில் தொட்டி. ஆற்றையே தின்றவர்களிடம் வாங்கியது பன்றித் தலை.

ஊர்க் குப்பையை அள்ளிய ரிச்சர்டு என்பவருக்குத் தலையும் இல்லை, தொட்டியும் இல்லை. 1326-இல் தன் வீட்டுக் கழிப்பிடத்தில் உட்கார்ந்திருந்தார். உளுத்த பலகை முறிந்தது. மலக்குழியில் மூழ்கிச் செத்தார்.

ஃப்ளீட் ஆற்றை லண்டனில் இப்போது தேடாதீர்கள். தெருவுக்கு அடியில் சாக்கடையாக ஓடுகிறது.