பழைய வில்லா, புது வில்லா?

மிசூரிக்காரர் ஹாலஸ் வில்பர் ஆலன் 1969-இல் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்க மான் வேட்டைக்காரர்களின் நிம்மதி அன்றோடு போயிற்று. பரணில் பத்து வருஷத்து வில் ஒன்று கிடக்கும். நாண் பிசிறு தட்டியிருக்கும், அவ்வளவுதான். கடைக்கு எடுத்துப் போனால் நாணோடு கேபிளையும் மாற்றச் சொல்வார்கள். அப்புறம் குறிபார்க்கப் புது சைட், அம்பு தாங்கி, ஆட்டத்தைக் குறைக்க ஸ்டெபிலைசர், விரலுக்குப் பதிலாக நாணை விடுவிக்க ரிலீஸ். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

"இதற்குப் புதுசே வாங்கிவிடலாமே" என்று தோன்றும். தோன்றத்தானே அத்தனை பெரிய கடை! உயர்ரகப் புது வில் ஆயிரம் டாலரைத் தாண்டும், அதுவும் பெரும்பாலும் வெறும் வில். மேற்படி சாமான்களெல்லாம் தனி. போன வருஷத்து வில்லைவிட அம்பு நொடிக்குச் சில அடி வேகமாகப் போகுமாம். மான் என்னவோ 20, 30 கஜத்தில்தான் நின்று புல் மேய்கிறது.

வீட்டில் அனுமதி வாங்குவதுதான் பாக்கி. பழைய வில்லின் வளையும் கையில் இருக்கும் பெயின்ட் கீறலைக் காட்டி, "விரிசல், இழுத்தால் கண்ணே போய்விடும்" என்று சொல்லிக்கொள்ளலாம்.