நிதானத்துக்கு ஓர் அட்டவணை

நிதானமாகச் சுற்றிப் பார்க்கக் கிளம்புவதென்றால் எங்கள் வீட்டில் முதல் நாள் இரவே அட்டவணை தயாராகிவிடும். காலை ஆறு மணிக்குப் புறப்பாடு, ஆறரைக்குச் சிறுவாச்சூர், ஏழரைக்குச் சாத்தனூர், அங்கே ரசிப்பதற்கு இருபது நிமிடம். எழுதுவது நான். குடும்பத் தலைவன் என்ற பதவியில் எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே அதிகாரம் அந்தக் காகிதம்தான்.

மனைவி கேட்டதென்னவோ கிரேக்கத் தீவு. மாடி வீட்டுக்காரர்கள் சாண்டோரினிக்குப் போய்வந்து, வெள்ளை வெள்ளையாய் வீடுகளையும் நீலக் கடலையும் போனில் காட்டிவிட்டார்கள். "ஏங்க, அங்க ஊர் ஊரா சும்மா சுத்திக்கிட்டே இருக்கலாமாம்" என்றாள்.

"கடல்தானே? நம்ம ஊர்லயே இருந்துச்சு. நாமதான் கொஞ்சம் லேட்டு" என்றேன்.

பொய்யில்லை. கிரெட்டேசியஸ் காலத்தில் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கமெல்லாம் கடல் ஏறி நின்றது. விலகிப் போய்ப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. விமான டிக்கெட்டோடு ஒப்பிட்டால் பெட்ரோல் செலவு ஒன்றுமேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் வாசலில் போய் நின்றோம். நடை சாத்தியிருந்தது.

"திங்களும் வெள்ளியும்தானே தொறப்பாங்க" என்றாள் மனைவி, வெகு அமைதியாக.

"அதை வீட்லயே சொல்றதுக்கென்ன?"

"அட்டவணையில போட்டிருந்தீங்களே. அம்மன்கிட்டயும் ஒரு காப்பி குடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

சாத்தனூரில் கல்மரம். 18 மீட்டர் நீளத்துக்கு, வேலிக்குள் படுத்திருக்கிறது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டு வயது. 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் இதைப் பற்றி உலகுக்குச் சொன்னார். பூக்கும் மரங்கள் பெருகுவதற்கு முந்தைய ஊசியிலை இனம். கடலோரச் சேற்றில் புதைந்து, மரச்சத்து போன இடமெல்லாம் மணற்சத்து ஏறி, அப்படியே கல்லாகிவிட்டது.

"எப்படிப்பா மரம் கல்லாச்சு?" என்றான் பையன்.

"நிதானமா" என்றேன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

"அது 12 கோடி வருஷமாப் படுத்திருக்கு. உங்கப்பா அதுக்கு இருபது நிமிஷம் குடுத்திருக்காரு" என்றாள் அவள்.

அங்கிருந்து அரியலூர். பெரம்பலூரிலிருந்து 2001-இல் பிரிந்து தனிக்குடித்தனம் போய், 2002-இல் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்து, 2007-இல் மறுபடியும் தனியாகப் போய்விட்ட மாவட்டம். போகும்போது ரயிலையும் தன்னோடு வைத்துக்கொண்டது. பெரம்பலூரான் ரயிலேற வேண்டுமானால் இன்றைக்கும் அதன் வாசலுக்குத்தான் போகவேண்டும்.

சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். சிமென்ட் ஆலைகளின் புண்ணியத்தில் சாலையோரத்து ஓடு, வேப்பமரம், டீக்கடைப் பெஞ்சு எல்லாம் வெளுத்திருந்தன.

"வெள்ளை வீடு கேட்டியே, பாத்துக்க" என்றேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். மூடிய காருக்குள் என் சொற்பொழிவு தொடர்ந்தது: சூயஸ் கால்வாய்க் கட்டுமானத்துக்குச் சாண்டோரினியின் எரிமலை மண்தான் சுண்ணாம்போடு கலக்கப் போனது, ஆக, அந்த ஊரும் ஒரு காலத்தில் அரியலூர்தான்.

வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த வட்டாரத்துக் கடலில் நீந்திய அம்மோனைட்டுகள் சுருண்டபடியே கல்லானவை. செந்துறைப் பக்கம் 2009-இல் டைனோசர் முட்டைகளே கிடைத்தன. இதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம். அம்மா அவித்துக் கொண்டுவந்திருந்த முட்டைகளைப் பையன் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, புளிசாதம் போதும் என்றுவிட்டான்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் அட்டவணை முற்றிலும் செத்தது. அம்மா புல்தரையில் முந்தானையை விரித்துப் படுத்துவிட்டார்.

"தஞ்சாவூர் கோபுரம் இதைவிட உசரமாமே?"

"ஆமாம்மா. அது 216 அடி, இது சுமார் 180. அப்பா ராஜராஜன் கட்டினதைவிடக் கொஞ்சம் கம்மியா."

"பிள்ளைன்னா அப்படி இருக்கணும்டா" என்று சொல்லி, என் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தார்.

பேச்சை மாற்றினேன். ராஜேந்திரன் கங்கை நீரைக் கொண்டுவரச் செய்து ஏரி வெட்டி, சோழகங்கம் என்று பெயரிட்டதையும், திருவாலங்காட்டுச் செப்பேடு அதைத் தண்ணீராலான வெற்றித்தூண் என்று புகழ்வதையும் விளக்கினேன்.

"பாருங்க, மனுஷன் எவ்வளவு தூரம் போயிருக்காரு" என்றாள் மனைவி.

விட்டேனா? "அவர் எங்க போனாரு? தளபதியை அனுப்பிட்டுக் கோதாவரிக் கரையிலேயே நின்னுட்டாரு. சக்கரவர்த்தியே சிக்கனம்!"

அவள் சற்று யோசித்தாள்.

"நல்ல ஏற்பாடுதாங்க. நீங்க மெட்ராஸ் ஏர்போர்ட்ல நில்லுங்க. நானும் பையனும் சாண்டோரினி போயிட்டு, வரும்போது உங்களுக்கு ஒரு குடம் தண்ணி கொண்டாறோம்."