வாரண்டிப் பிரிவின் பார்வைக்கு: ஸ்டீயரிங் பற்றிய சிறு விளக்கக் குறிப்பு

பெறுநர்: வாரண்டிப் பிரிவு, கார் தயாரிப்பு நிறுவனம் (எந்த நிறுவனம் என்பது பிரிவுக்கே தெரியும்).

பொருள்: வாரண்டி முடிந்த பிறகு பழுதாகும் மின்சார ஸ்டீயரிங்கின் இயல்புகள்.

ஐயா / அம்மையீர்,

காரின் ஸ்டீயரிங் அடிப்படையில் எளிய அமைப்பு. கையில் பிடிக்கும் வளையம், அதிலிருந்து கீழிறங்கும் தண்டு, தண்டின் நுனியில் பினியன் என்னும் பல்சக்கரம், அது இடமும் வலமும் நகர்த்தும் ரேக், ரேக்கின் இரு முனைகளிலும் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பும் டை ராடுகள். இதில் பழுதாக அதிகம் ஒன்றுமில்லை. திருப்புவதற்குத் தோள்வலு வேண்டும், அவ்வளவுதான். அந்த வலுவை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் வழியை அமெரிக்கப் பொறியாளர் ஃபிரான்சிஸ் டேவிஸ் 1920-களில் உருவாக்கினார். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பவர் ஸ்டீயரிங் 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்தது. எண்ணெய்க்குப் பதிலாக மின்மோட்டாரை வைத்தது 1988-இன் சுசுகி செர்வோ. இன்று இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலும் இந்த மின்சார வகையே இருக்கிறது.

மின்சார ஸ்டீயரிங்கில் நான்கு உறுப்புகள் முக்கியம். ஓட்டுநர் எவ்வளவு முறுக்குகிறார் என்று அளக்கும் டார்க் சென்சார், அந்த அளவைப் படிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, அதன் சொல்படி உதவும் மோட்டார், மோட்டாரின் விசையைத் தண்டுக்கு மாற்றும் வார்ம் பல்சக்கரம். இவற்றில் ஏதேனும் ஒன்று கைவிட்டாலும் கார் திரும்பும். ஆனால் ஒரு விரலால் திரும்பிக்கொண்டிருந்த வளையம், வளைவின் பாதியில் இரு கைக்கும் அடங்காமல் கனத்துவிடும். பிரிவின் கடிதங்களில் இது "சற்றே கூடுதல் முயற்சி தேவைப்படலாம்" என்று குறிப்பிடப்படுகிறது.

இப்பழுது ஒரே நாளில் பிறப்பதில்லை. முதலில் எப்போதாவது ஒருமுறை சென்சார் பொருந்தாத அளவைச் சொல்லும். பெட்டி சந்தேகப்பட்டு மோட்டாரை நிறுத்தும். டாஷ்போர்டில் ஸ்டீயரிங் படமும் ஆச்சரியக்குறியும் கொண்ட விளக்கு எரியும். சாவியைத் திருப்பி அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும். உரிமையாளர் காரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவார். அங்கே விளக்கு எரியாது. ஸ்கேனரை மாட்டுவார்கள், பெட்டியின் நினைவில் இருக்கும் பழுதுக் குறியீடுகளை அழிப்பார்கள், ஜாப் கார்டில் "சோதிக்கப்பட்டது, குறை இல்லை" என்று எழுதுவார்கள். இந்த வரி எழுதப்படுவது வாரண்டிக் காலத்தில். வாரண்டி முடிந்த பிறகு அதே விளக்கு எரிந்தால், அதே ஸ்கேனர் அதே பழுதை உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறது. ஸ்கேனரின் பார்வை மூன்றாண்டு கழித்துத் தெளிவடைவது ஏன் என்பதற்குப் பொறியியல் நூல்களில் விளக்கம் இல்லை. (நியாயத்துக்கு ஒன்று: பலவீனமான பேட்டரியும் லூசான எர்த் கம்பியும் இதே விளக்கை எரியவைக்கும். அவற்றை முதலில் பார்க்கும் மெக்கானிக் நல்ல மெக்கானிக்.)

சென்னையில் இன்னொரு வகைக் கண்டுபிடிப்பும் உண்டு. காரணம் எதுவும் அகப்படாவிட்டால் "தண்ணி புகுந்திருக்கு சார்" என்பார்கள். தண்டு வகை மின் ஸ்டீயரிங்கில் மோட்டார் டாஷ்போர்டுக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. அதுவரை தண்ணீர் ஏறியிருந்தால் உரிமையாளருக்கு அந்த நாள் நினைவிருக்கும்.

வாரண்டி பொதுவாக மூன்றாண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், "எது முதலில் வருகிறதோ அது". இந்த நான்கு சொற்களும் நிறுவனத்தின் பக்கமே நிற்பவை. டாக்ஸி ஓட்டுபவருக்கு ஒன்றரை ஆண்டில் கிலோமீட்டர் முடிந்துவிடுகிறது. கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் காரை எடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இருபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத காரில் தேதி முடிந்துவிடுகிறது. பாதி தேய்ந்த சோப்புக்கட்டியைப்போல் மிச்சமிருக்கும் எண்பதாயிரம் கிலோமீட்டர் எங்கே போகிறது என்று அவர் கேட்பதில்லை. கேட்டால், வாரண்டியை நீட்டிக்கும் திட்டத்தை முன்பே வாங்கியிருக்கலாமே என்று பதில் வரும்.

அடுத்தது எஸ்டிமேட். பழுது ஒரு சென்சாரிலோ, பெட்டிக்குள் விட்டுப்போன ஒரு பற்றவைப்பிலோ, மோட்டாருக்கும் வார்முக்கும் நடுவே உள்ள உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் இணைப்பிலோ இருக்கலாம். எஸ்டிமேட்டில் வருவது ஒரே வரி: ஸ்டீயரிங் காலம் (தண்டு) அசெம்பிளி, முழுதாக. சிறிய காருக்கே தொகை பல பத்தாயிரங்களில் நிற்கும்; மேலே ஜி.எஸ்.டி., லேபர், வீல் அலைன்மென்ட். உள்ளுறுப்பை மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்டால் சர்வீஸ் அட்வைசர் உண்மையான வருத்தத்தோடு சொல்வார்: "கம்பெனியிலேயே அசெம்பிளியாத்தான் சார் வருது." அவர் பொய் சொல்லவில்லை. உள்ளுறுப்புக்குப் பாகம் எண் கிடையாது. எண் இல்லாததை அவரால் ஆர்டர் போட முடியாது. எண் கொடுக்காதது பொறியியலின் முடிவு அல்ல, விற்பனையின் முடிவு.

பிரித்துப் பழுதுபார்க்க முடியும் என்பதற்கு வெளிநாட்டு நிறுவனங்களின் சான்றே இருக்கிறது. 2024 அக்டோபரில் ஹோண்டா, அமெரிக்காவில் சுமார் 17 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஸ்டீயரிங் கியர்பாக்ஸில் உள்ள வார்ம் பல்சக்கரம் சரியாகத் தயாரிக்கப்படாததால் உராய்வு கூடி வளையம் பிடித்துக்கொண்டது. அதற்கு அறிவிக்கப்பட்ட தீர்வு, ஒரு ஸ்பிரிங்கை மாற்றி கிரீஸ் வைப்பது, கட்டணம் இல்லை. 2010-இல் ஜெனரல் மோட்டார்ஸ் மின் ஸ்டீயரிங் மோட்டாருக்காக வட அமெரிக்காவில் சுமார் 13 லட்சம் கார்களை அழைத்தபோது அவற்றில் 2005-ஆம் ஆண்டு மாடல்களும் இருந்தன. யாரும் அவற்றின் வாரண்டித் தேதியைக் கேட்கவில்லை. பாதுகாப்புக் குறை என்று ஒப்புக்கொண்டால் தேதி செல்லாது. ஒப்புக்கொள்ளாதவரை தேதி மட்டுமே செல்லும்.

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியில் பழுதுபார்த்தால் வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக்கூடாது என்றும் ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின; உரிமையாளர்கள் அதே சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் ஏழாண்டுக்குட்பட்ட வாகனங்களைக் கணக்கில் கொள்கின்றன. அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை. அரசுக்கு ஏழு வயதுக் கார் இன்னும் நிறுவனத்தின் பிள்ளை. வாரண்டிப் பிரிவுக்கு அது மூன்று வயதிலேயே தனிக்குடித்தனம் போய்விடுகிறது.

இடையில் "குட்வில்" என்றொரு வழி இருக்கிறது. வாரண்டி முடிந்தாலும் நிறுவனம் செலவில் ஒரு பங்கை ஏற்பதற்கு அந்தப் பெயர். இது எந்த விலைப்பட்டியலிலும் இல்லை. கவுன்டரில் கேட்டால் அப்படி ஒன்று இல்லை. தொடர்ந்து அங்கேயே சர்வீஸ் செய்த ரசீதுகளையும் பழைய ஜாப் கார்டுகளையும் இணைத்துத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினால் சில சமயம் இருக்கிறது. உரத்துக் கேட்பவருக்கு மட்டும் கிடைப்பதை நல்லெண்ணம் என்று பிரிவு எப்படிக் கணக்கெழுதுகிறது என்பது தணிக்கையாளருக்கு வெளிச்சம்.

அதுவும் கிடைக்காதவர் சென்னையின் புதுப்பேட்டைக்குப் போகிறார். அங்கே பழைய காரிலிருந்து கழற்றிய ஸ்டீயரிங் தண்டு புதியதன் விலையில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். நகரில் வேறு சில பட்டறைகள் பெட்டியைத் திறந்து, பற்றவைத்து, மூடித் தருகின்றன. நிறுவனத்தால் முடியாதது அங்கே மாலைக்குள் முடிகிறது. கண்ணை மூடிக்கொண்டு இதைப் பரிந்துரைக்க முடியாது. கழற்றப்பட்ட தண்டு விபத்தில் அடிபட்ட காருடையதாக இருக்கலாம். மாற்றிய பின் ஸ்கேனரில் சென்சாரின் நடுநிலையைச் சரிசெய்யாவிட்டால் வளையம் தானாக ஒரு பக்கம் இழுக்கும். உயிரோடு தொடர்புடைய ஒரு பாகத்தில் இந்த ஆபத்தை உரிமையாளர் துணிச்சலால் ஏற்பதில்லை. எஸ்டிமேட்டைப் பார்த்த பிறகே ஏற்கிறார்.

ஆகவே பிரிவு மூன்று காரியங்களைச் செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. ஸ்டீயரிங் விளக்கு எரிந்ததாகச் சொல்லிக் கார் வந்தால், குறியீடுகளை அழிக்கும் முன் அச்செடுத்து ஜாப் கார்டோடு இணைத்துத் தருக. சென்சாருக்கும் பெட்டிக்கும் அந்த ரப்பர் இணைப்புக்கும் தனித்தனிப் பாகம் எண்ணும் விலையும் தருக. வாரண்டிக் காலத்தில் முதன்முதலாகப் புகார் செய்யப்பட்ட பழுதை, அது எந்தத் தேதியில் முற்றினாலும், வாரண்டிப் பழுதாகவே கணக்கில் கொள்க.

இப்படிக்கு,
வாரண்டி முடிந்த கார்களின் உரிமையாளர்கள்

நகல்: மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உரிமையாளர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. குறையுள்ள பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது. ஐந்து முதல் பத்து லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய காருக்குப் புகார்க் கட்டணம் 200 ரூபாய்.