பால்பவுடர் டப்பாவும் கிராங்க் புல்லியும்

அம்பாசடர் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு பெயின்ட், பம்பர், சீட் துணி என்றே போகும். கிராங்க் புல்லியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ரேடியேட்டருக்குப் பின்னால், இஞ்சினின் அடிவாரத்தில், எண்ணெயும் புழுதியும் அப்பிக் கிடக்கும் இரும்புச் சக்கரம் அது. கிராங்க் ஷாஃப்டின் மூக்கில் கீ வைத்துச் செருகி, நடுவில் பெரிய நட்டைப் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஹேண்டில் போட்டு வண்டி கிளப்பும்போது ஹேண்டில் கவ்வுவதும் அந்த நட்டின் பல்லைத்தான். ஃபேன் பெல்ட்டை ஓட்டுவது இந்தப் புல்லி. பெல்ட் ஓடினால்தான் ரேடியேட்டர் தண்ணீர் சுற்றும், டைனமோ சுற்றும். ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்று பார்ப்பதற்கான வெட்டும் இதன் விளிம்பில்தான் இருக்கிறது.

எண்பதுகளில் பொள்ளாச்சியில் அப்பாவிடம் ஒரு மார்க் 3 இருந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த உடம்பு, 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சின். ஒரு கோடையில் வண்டி நிற்க இஞ்சின் மட்டும் ஓடும்போது முன்பக்கமிருந்து ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. கேட்டவர்கள் அத்தனை பேரும், “பேரிங் போச்சுங்க” என்றார்கள். ஒரு பட்டறையில் இஞ்சினை இறக்கி, பேரிங் மாற்றி, ஏற்றிக் கொடுத்தார்கள். வீடு வந்து சேர்வதற்குள் அதே ‘டக் டக்’.

அப்புறம் பார்த்தவர் எங்கள் தெரு மேஸ்திரி. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் இஞ்சினை ஓடவிட்டார். சத்தத்தின் தாளம் மாறியது. இஞ்சினை நிறுத்தி, குனிந்து, புல்லியை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தார். கண்ணுக்குத் தெரிந்தே ஆடியது. “பேரிங் நல்லாத்தானுங்கண்ணா இருக்குது. நட்டு தளர்ந்து புல்லிதான் கீ மேல ஆடுது. அதான் இந்தச் சத்தம்” என்றார். அப்பா பதில் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பேரிங் மாற்றிய பணம் போனது போனதுதான்.

மேஸ்திரி செய்த வைத்தியத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தேய்ந்த கீயை அரத்தால் ராவி நேராக்கினார். காலி பால்பவுடர் டப்பாவில் ஒரு துண்டு தகரம் வெட்டி, கீயின் பக்கவாட்டில் வைத்து, சுத்தியால் தட்டி இறக்கி, நட்டை முறுக்கினார். சத்தம் நின்றது. டைமிங் வைக்க ஆழியாறு தாண்டி வால்பாறை ஏற்றத்துக்கு ஓட்டிப் போனார். ஏற்றத்தில் டாப் கியரிலேயே வைத்து மிதிக்க, இஞ்சின் கிணுகிணுத்தால் இறங்கி டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் திருப்புவார், மறுபடி மிதிப்பார். புல்லி விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறது என்பதே அவருக்குத் தேவைப்படவில்லை. அவர் காதுதான் அவருக்கு அளவு.

அந்தச் சமயத்தில் கடைவீதி ஸ்பேர்ஸ் கடையில் புதுப் புல்லிகள் ஆணியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. காசில்லாமல் அப்பா வாங்காமல் இருக்கவில்லை. என்றைக்குப் போய்க் கேட்டாலும் கிடைக்கும் பொருள்தானே என்று எல்லாரும் இருந்தோம். தகரமே போதும் என்று வண்டி அப்படியே ஓடியது.

2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. 2017-ல் அம்பாசடர் என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரெஞ்சு நிறுவனமான பெஜோவுக்குக் கைமாறியது. செய்தியைப் படித்தபோது எனக்கு ஆணியில் தொங்கிய அந்தப் புல்லிகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. பெயருக்கு 80 கோடி. அந்தப் பெயரை ஓட வைத்த இரும்புக்கு வரைபடம் எங்கே கிடைக்கும் என்று எந்தக் கடைக்காரருக்கும் தெரியவில்லை.

போன வருஷம் அப்பாவின் அதே வண்டியில் முன்பக்கம் ஆயில் சொட்ட ஆரம்பித்ததும் ரேடியேட்டரை இறக்கினேன். நட்டின் அடியில் மடக்கியிருந்த பூட்டு வாஷரை நிமிர்த்தி, நட்டைக் கழற்றி, புல்லர் போட்டு இழுத்தேன். லீவர் கொடுத்து நெம்பினால் விளிம்பு வளைந்துவிடும், அதனால் அவசரப்படவில்லை. புல்லியோடு பால்பவுடர் தகரமும் வந்தது, துருவேறி, காகிதமாக மெலிந்து. அது விட்டுக்கொடுத்த இடைவெளியில் கீ ஆடி ஆடி, கிராங்கின் காடியின் ஓர் ஓரத்தைத் தின்றிருந்தது. வயிறு கலங்கிவிட்டது. புல்லி போனால் இன்னொன்று செய்யலாம், கிராங்க் போனால் எங்கே போவது? புல்லியின் கழுத்தில் ஆயில் சீல் உட்காரும் இடத்தில் நகம் மாட்டும் ஆழத்துக்கு ஒரு வளையம் விழுந்திருந்தது. இஞ்சின் 3000 சுற்றில் ஓடினால் வினாடிக்கு 50 தடவை அந்தக் கழுத்து ரப்பரில் உரசுகிறது. நடுவே புழுதி சிக்கினால் ரப்பரே இரும்பை அறுத்துவிடும்.

கடையில் கிடைத்த ஒரு வார்ப்புப் புல்லியை வாங்கிப் பார்த்தேன். பெல்ட் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்தது. பெல்ட் இரண்டு பக்கச் சுவரையும் கவ்வ வேண்டும், அடியைத் தொட்டால் வழுக்கும். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு டர்னரிடம் பழையதை எடுத்துப் போனேன். “அப்பாரு வண்டிங்களா?” என்று கேட்டுவிட்டு, அரை நாள் அளவெடுப்பதிலேயே செலவழித்தார். துளையை, கழுத்தை, பள்ளத்தின் சாய்வை ஒவ்வொன்றாக மைக்ரோமீட்டரிலும் வெர்னியரிலும் பார்த்துத் தாளில் எழுதினார். தேய்ந்த இடத்தில் தேயாத ஓரத்தைத் தேடிப் பிடித்து அளந்தார். இ.என். 8 கம்பியில் புதுப் புல்லி கடைந்தார். கிராங்கின் அகன்ற காடிக்கு ஒரு பாதி, புல்லியின் புதுக் காடிக்கு ஒரு பாதி என்று படி வைத்துக் கீயும் செய்து கொடுத்தார்.

டைமிங் கவரின் போல்டுகளை இறுக்காமல் விட்டு, சீலில் எண்ணெய் தடவி, புல்லியை உள்ளே தள்ளினேன். அப்போது சீல் தானாகவே நடுவுக்கு வரும். அதன் பிறகுதான் கவரை இறுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் எவ்வளவு நல்ல சீலும் ஒழுகும்.

வெட்டை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தோம். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு தடுப்புக் கம்பியைத் திருகினோம். இஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் கம்பியில் முட்டியதும் கவரின் முள்ளுக்கு நேராகப் புல்லியில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றி, முட்டியதும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே பிஸ்டனின் உச்சி. புல்லியின் விட்டம் 130 மில்லிமீட்டர் என்றால், விளிம்பில் ஒரு டிகிரி என்பது ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். அரம் சற்று வழுக்கினாலும் டைமிங் மாறிவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டு டர்னரே வந்து வெட்டினார்.

மேஸ்திரியின் காதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். அந்தக் காது அவரோடு போய்விட்டது. எனக்கு டைமிங் லைட்டும் இந்த வெட்டும்தான் துணை. கடையில் வாங்கிய அந்த வார்ப்புப் புல்லியையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். கீ காடியிலிருந்து அளந்தால் அதன் வெட்டு பல டிகிரி தள்ளியிருந்தது. அதை நம்பி டைமிங் வைப்பவரின் இஞ்சின் என்ன பாடுபடும்!

அளவுத் தாளைப் படமெடுத்து, தெரிந்த அம்பாசடர்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறேன். உடுமலையிலிருந்து டீசல் வண்டிக்காரர் ஒருவர், தனக்கும் இதே அளவு பொருந்துமா என்று கேட்டார். நம்பிச் சொல்ல என்னிடம் அளவு இல்லை. புல்லியைக் கழற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கணபதிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.